ஊக்கமும் ஒழுங்கும்: திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்கார்

தென்னாட்டுச் சாலைகளில் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்களைக் காணாதவர் அரியர். அவற்றுள் முதல் எழுத்து நமது திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஓர் ஊரின் பெயருக்கு உரியது என்பதை அறிந்தவர் அவரினும் அரியர். மகேந்திரகிரியின் அடிவாரத்தில், நம்பியாற்றின் கரையில், வைஷ்ணவ திவ்ய க்ஷேத்திரங்களுள் ஒன்றாக விளங்கும் திருக்குறுங்குடியே அவ்வூர். அங்கே பிறந்து, மதுரையில் தொழில் நடத்தி, கொடைக்கானலில் கண்மூடிய ஸ்ரீ டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். பெருமக்களின் புகழைப் பாடுவது மட்டும் நமது நோக்கமன்று. தொழில் நடத்துவோரிடையே இந்நாளில் ஓயாமல் எழும் ஒரு கேள்விக்கு அவர் வாழ்க்கை விடையளிக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

கேள்வி இதுதான். ஒரு யந்திரசாலையில் புதிய எண்ணங்கள் தாமாகத் தோன்றுமா, அல்லது அவை தோன்றுவதற்கும் வளர்வதற்கும் விதிகளும் ஏடுகளும் முறைகளும் வகுத்து வைக்க வேண்டுமா? புதுமை என்பது மேதைகளின் சொத்து, அதை ஏட்டில் அடக்கப் பார்ப்பது வீண்வேலை என்று ஒரு சாரார் வாதிக்கிறார்கள். முறையில்லாத இடத்தில் தோன்றும் புதுமை பாலைவனத்தில் பெய்த மழைபோல மறைந்துவிடும் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு தரப்பு வாதங்களையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் சாட்சி வேண்டும். சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையை அந்தச் சாட்சிக் கூண்டில் நிறுத்திப் பார்ப்போம்.

அவர் பிறந்தது 1877ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 22ஆம் தேதி. சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. தாமிரபரணி பாயும் நன்செய் நிலங்கள் ஒருவாறு பிழைத்தாலும், வானம் பார்த்த பூமியிலிருந்த ஏழைகள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. நமது ஜில்லாவில் அக்காலத்தில் உழவும் தறியும் கோயில் ஊழியமும் தவிர வேறு பிழைப்பு மிகக் குறைவு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் வலிமையைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலை நடத்தத் தொடங்கினார்கள். பொதிகையில் பிறந்த நீர் நமது. அந்த நீரால் சுழன்ற சக்கரமும் அதன் லாபமும் பிறருடையவை. கண்ணெதிரே ஓடும் ஆற்றின் சக்தியைக் கணக்கிட்டு வேலை வாங்கும் வித்தையை நம்மவர் அப்போது கற்றிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த வித்தையில் நாமும் இறங்க வேண்டும் என்ற தாகம் இந்தச் சீமையில்தான் முதலில் பெருந்தீயாக மூண்டது. ஒட்டப்பிடாரத்து வக்கீல் ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1908இல் அவர் சிறைப்பட்டார். அந்நியக் கம்பெனியின் கட்டணப் போட்டியும், அரசாங்கத்தின் அடக்குமுறையும், தலைவன் இல்லாத நிலைமையும் சேர்ந்து அந்தக் கம்பெனியை நசுக்கின. 1911இல் அது கலைக்கப்பட்டது. தென்னாட்டின் சுதேசித் தொழில் முயற்சிக்கு இனி எதிர்காலமில்லை என்று பலர் மனம் ஒடிந்த வருஷம் அது. அதே 1911ஆம் வருஷத்தில்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்ற ஸ்தாபனம் மதுரையில் தோன்றியது. ஒரு விளக்கு அணைந்த வருஷத்திலேயே மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

சுந்தரம் ஐயங்காரும் வக்கீல் தொழிலில் தொடங்கியவரே. தந்தையின் விருப்பப்படி அத்துறையில் புகுந்தார். பிறகு அதை விட்டு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதற்குப் பின் பாங்கியில் வேலை செய்தார். இம்மூன்றையும் துறந்துதான் சொந்தத் தொழிலில் இறங்கினார். மூன்று தொழில்களை மாற்றியவர் என்று அந்நாளில் உறவினர் சிலராவது கவலைப்பட்டிருப்பார்கள். ஆனால் அவர் எதிர்காலத்தை அறிந்த நாம் வேறுவிதமாகப் பார்க்கிறோம். சொல்லியதை எழுத்தில் நிறுத்த வேண்டும் என்பதைச் சட்டம் கற்பிக்கிறது. குறித்த நிமிஷத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பதை ரயில்வே கற்பிக்கிறது. அன்றன்றைய கணக்கை அன்றன்றே முடிக்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதைப் பாங்கி கற்பிக்கிறது. இம்மூன்று பள்ளிக்கூடங்களிலும் படித்துவிட்டு ஒருவர் மோட்டார்த் தொழிலுக்கு வந்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது.

1912இல் மதுரையில் அவர் பஸ் ஓட்டத் தொடங்கினார். தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்துக்கு அடிகோலியவர் என்று அவரைச் சொல்வது இதனால்தான். அக்காலத்துச் சாலைகளை இன்றைய வாசகர்கள் மனத்தில் உருவகப்படுத்திக் கொள்வது கடினம். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஆண்ட சாலைகள் அவை. புழுதியிலே லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் இறைந்து கிடக்கும். மோட்டார் வண்டியின் ரப்பர்ச் சக்கரத்துக்கு அவை ஒவ்வொன்றும் எமன். வழியில் டயர் வெடித்தால் பிரயாணிகள் மரநிழலில் காத்திருக்க வேண்டும்; குறித்த நேரம் என்பது வெறும் பேச்சாகிவிடும். இந்நிலைமையில் மற்றவர்கள் விதியை நொந்துகொண்டு ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். சுந்தரம் ஐயங்காரோ பெருங்காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று சொல்வதுண்டு. அவருடைய பஸ் ஊரைக் கடக்கும் நேரத்தைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பதும் பாண்டி நாட்டில் வழங்கும் பேச்சு.

இவ்விரண்டு கதைகளையும் சேர்த்துச் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். காந்த வண்டி ஒரு புதுமை. அதற்கு முன் அதைச் செய்தவர் அறியோம். ஆனால் அந்தப் புதுமை எங்கிருந்து பிறந்தது? நேரம் தவறக்கூடாது என்ற கண்டிப்பான விதியிலிருந்து பிறந்தது. நேரம் தவறினால் தவறட்டும் என்று இருப்பவனுக்கு ஆணி ஒரு தொல்லை, அவ்வளவுதான். நேரம் தவறக்கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டவனுக்கோ அது தீர்த்தே ஆகவேண்டிய பிரச்னை. எத்தனை தடவை தாமதம், எந்தச் சாலையில், எக்காரணத்தால் என்று கேட்கிறவன்தான் ஆணியிடம் போய்ச் சேர்கிறான். ஒழுங்கு புதுமையின் பகை என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். இங்கே ஒழுங்கே புதுமைக்குத் தாயாயிற்று.

இரண்டாவது சாட்சியம் உலக மகாயுத்த காலத்தில் கிடைக்கிறது. இரண்டாம் யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. பஸ்கள் நின்றுவிடும் என்ற நிலை. அப்போது கரியிலிருந்து வாயு உண்டாக்கி அதனால் இஞ்சினை ஓட்டும் சாதனத்தை, டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற பெயரால், சுந்தரம் ஐயங்காரின் ஸ்தாபனம் வடிவமைத்து உற்பத்தி செய்தது. கரியைக் காற்று அளவாகப் புகும் கொப்பரையில் எரித்தால் எரியும் தன்மையுள்ள வாயு ஒன்று வெளிப்படும். அதைக் குளிர வைத்து, சாம்பலும் தூசியும் நீங்க வடிகட்டி, இஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோலின் வேலையை ஒருவாறு செய்யும். ஒருவாறு என்று சொல்வது ஏனெனில், பெட்ரோல் தரும் வலிமை முழுவதும் கிட்டாது. மேட்டில் வண்டி மூச்சு வாங்கும். புறப்படுமுன் அடுப்பை மூட்டிக் காத்திருக்க வேண்டும். வடிகட்டியை நாள்தோறும் துப்புரவாக்கத் தவறினால் தூசி இஞ்சினை அரித்துத் தின்றுவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கரிவாயுவின் தத்துவம் ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் முன்பே தெரிந்ததுதான். அதைச் செய்யத் தெரிந்த கொல்லர்கள் நம் நாட்டிலும் இருந்திருப்பார்கள். ஆனால் பல வண்டிகளில் அதைப் பொருத்தி, நாள் தவறாமல் ஓட்டி, பிரயாணிகளை ஊர் சேர்ப்பதற்கு வேண்டியது வெறும் தத்துவ ஞானமன்று. ஒவ்வொரு வண்டிக்கும் ஏடு, ஒவ்வொரு ஏட்டுக்கும் பொறுப்பாளி, ஒவ்வொரு இரவும் சோதனை என்ற பழக்கம் ஊறிப்போன பட்டறை வேண்டும். அப்பழக்கம் யுத்தம் வந்த பிறகு ஒரே நாளில் வந்துவிடாது. இருபது முப்பது வருஷ காலம் சமாதானத்தில் பயின்றதுதான் ஆபத்தில் கைகொடுத்தது. தேய்ந்த டயர்களுக்குப் புதுத் தோல் போட்டு மறுபடி ஓடச் செய்யும் தொழிலையும் இந்த ஸ்தாபனம் 1943இல் மேற்கொண்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் சாமான் இல்லையே என்று ஓலமிடாமல் இருப்பதைக்கொண்டு இரு மடங்கு வேலை வாங்கும் வழி இது.

அவருடைய குடும்ப வாழ்க்கையிலும் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடாமல் விட இயலாது. அவர் புதல்வி டாக்டர் சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தவர். டில்லி சென்று வைத்தியம் படித்தார். அங்கே தேசியப் பணியில் ஈடுபட்டிருந்த ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். வைதிகக் குடும்பம், விதவா விவாகம், வேறு ஜாதி. பெற்றோர் முதலில் இணங்கவில்லை. இருவரும் ஒரு வருஷம் தொடர்பின்றிப் பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று காந்தியடிகள் யோசனை கூறினார். அந்தச் சோதனையிலும் உறுதி மாறாததால், 1940இல் மகாத்மாவின் ஆசியுடன் விவாகம் நடந்தது. 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமம் தோன்றியதும் அத்தம்பதிகளால்தான். தந்தை வாகனங்களுக்கு ஒழுங்கு வகுத்தார். மகள் கிராம சேவைக்கு ஒழுங்கு வகுத்தார். குடும்பத்தின் குணம் இரு துறைகளில் பிரகாசித்தது என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

தேசிய நோக்கில் பார்க்கும்போது சுந்தரம் ஐயங்காரின் மீது சொல்லத்தக்க ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. அவர் விற்றவை அந்நிய வண்டிகள். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வாகனங்களை விற்பதில் 1950களில் இந்தியாவிலேயே முதலிடம் வகித்தது அவருடைய சுந்தரம் மோட்டார்ஸ். கப்பலைத் தாமே வாங்கி அந்நியக் கம்பெனியோடு மோதிய சிதம்பரம் பிள்ளையோடு ஒப்பிட்டால் இது சமரசமாகத் தோன்றலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியதுண்டு. ஆனால் காலம் வேறு தீர்ப்புச் சொன்னது. தியாகத்தில் சிதம்பரம் பிள்ளைக்கு ஈடு இணையில்லை. அவர் கால்தூசிக்கும் மற்றவரை ஒப்பிட மாட்டோம். எனினும் ஒருவரையே நம்பி நின்ற முயற்சி, அவரைப் பிடித்து அடைத்ததும் தளர்ந்தது. ஆளில்லாவிட்டாலும் நடக்கும்படி முறையை வகுத்த முயற்சி, ஆள் மறைந்த பின்பும் வளர்ந்தது. முதலாவதைக் குற்றமாகக் கூறவில்லை. அடக்குமுறையின் நடுவே முறை வகுக்க அவருக்கு அவகாசம் எங்கே இருந்தது? பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

1955ஆம் வருஷம் ஏப்ரல் 28ஆம் தேதி சுந்தரம் ஐயங்கார் கொடைக்கானலில் காலமானார். நாடு விடுதலையடைந்து எட்டு வருஷங்கள்கூட நிறையவில்லை. அந்நிய வண்டிகளை விற்பதும் பழுதுபார்ப்பதும் போதாது, உறுப்புக்களை இங்கேயே செய்யவேண்டும் என்ற காலம் பிறந்திருந்தது. புதல்வர்கள் அதற்குத் தயாராக இருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் சென்னையை அடுத்த பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் முதலிய யந்திரசாலைகள் எழுந்தன. திருகாணிகள் செய்ய சுந்தரம் பாஸ்னர்ஸ் தோன்றியது. பழுதுபார்க்கும் பட்டறையில் எந்த உறுப்பு எங்கே தேய்கிறது, எதனால் உடைகிறது என்பதை அரை நூற்றாண்டாக நேரில் கண்ட குடும்பம் அது. அனுபவம் உற்பத்திக்கு மூலதனமாயிற்று.

இங்கே கதையின் மூன்றாவது சாட்சியம் வருகிறது. நமது கேள்விக்கு நேரான விடையும் இதிலேதான் இருக்கிறது. 1950இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் ஜப்பானுக்குச் சென்று யந்திரசாலை அதிபர்களுக்கும் என்ஜினீயர்களுக்கும் பாடம் சொன்னார். யுத்தத்தில் சாம்பலான தேசம் அப்பாடத்தை வேதமாகக் கொண்டது. அடுத்த வருஷமே அவர் பெயரால் ஜப்பானியர் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். அவருடைய போதனையின் சாரம் எளிமையானது. முதலில் திட்டமிடு, சிறிய அளவில் செய்து பார், விளைவை அளந்து சரிபார், அதற்கேற்பத் திருத்து, மறுபடி தொடங்கு. இது நமது உழவன் அறிந்த முறைதான். ஆனால் உழவன் மனத்தில் வைத்திருப்பதை யந்திரசாலை ஏட்டில் வைக்கவேண்டும். ஏனெனில் அங்கே ஆயிரம் கைகள் வேலை செய்கின்றன.

பிரேக் உறுப்பு ஒன்றில் துளையிடும் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் ஆயிரம் உறுப்புக்கள் செய்து முடித்த பிறகு பரிசோதகர் கெட்டவற்றைக் கழிப்பார். புதிய முறையில் தொழிலாளியே மணிக்கொரு தடவை சில துளைகளை அளந்து, அளவுகளை வரைபடத்தில் புள்ளியாக இடுகிறார். புள்ளிகள் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தால், உறுப்பு கெடுவதற்கு முன்பே உளி தேய்கிறது என்று தெரிந்துவிடும். கெட்ட பிறகு தண்டிப்பதைக் காட்டிலும் கெடுவதற்கு முன் அறிவது மேலல்லவா? அத்துடன், ஏன் தேய்கிறது என்ற கேள்வி அவரிடமே பிறக்கிறது. அவருக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அந்த யோசனையை எழுதிக் கொடுக்க ஒரு படிவம், அதைப் பரிசீலிக்க ஒரு குழு, பதில் சொல்ல ஒரு கெடு, பலித்தால் மற்றப் பிரிவுகளுக்கும் பரப்ப ஒரு வழி ஆகியவை இருந்தால் அது புதுமையாக மலர்கிறது. இவை இல்லாவிட்டால் அந்த யோசனை அவரோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறது.

சுந்தரம் கிளேட்டனில் சுந்தரம் ஐயங்காரின் பேரர் ஸ்ரீ வேணு சீனிவாசன் இந்த முறைகளைப் புகுத்தினார். ஜப்பானியப் பேராசிரியர் ட்சுடா வழிகாட்டினார். பல வருஷ உழைப்புக்குப் பின் 1998இல் அந்த ஸ்தாபனத்தின் பிரேக் பகுதிக்கு டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் ஸ்தாபனம் அதுவே. தொடர்ந்து குடும்பத்தின் பிற யந்திரசாலைகள் சிலவும் அதே பரிசைப் பெற்றன. பரிசு கிடக்கட்டும், பலன் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். ஓசூரில் இவர்கள் நடத்திய மோட்டார் சைக்கிள் தொழிலுக்கு 1980களிலிருந்து ஜப்பானிய சுசுகி கம்பெனியின் கூட்டு இருந்தது. வண்டியின் வடிவமைப்புக்கு அந்நியரை எதிர்பார்க்கும் நிலை. 2001இல் அந்தக் கூட்டு முறிந்தது. நொடித்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அதே வருஷத்தில் விக்டர் என்ற மோட்டார் சைக்கிளை இங்குள்ள என்ஜினீயர்களே வடிவமைத்து வெளியிட்டார்கள். அது நன்றாக விற்றது. 2002இல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனியும் டெமிங் பரிசு பெற்றது. கரிவாயு பஸ்ஸின் கதை அறுபது வருஷங்களுக்குப் பின் மீண்டும் நடந்தது என்றே நாம் இதைக் காண்கிறோம். அன்று பெட்ரோல் நின்றது; இன்று அந்நிய வடிவமைப்பு நின்றது. இரண்டு தடவையும் கைகொடுத்தது முன்பே பயின்ற முறை.

இன்னொரு விந்தையும் உண்டு. 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடிகள் செய்து அனுப்பும் வேலையைச் சுந்தரம் பாஸ்னர்ஸ் ஏற்றது. அக்கம்பெனியின் சிறந்த சப்ளையர் என்ற விருதையும் பலமுறை பெற்றது. பாட்டனார் அமெரிக்கக் கம்பெனியின் வண்டியை நமக்கு விற்றார். பேரர்கள் நமது உறுப்பை அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றார்கள். சுதேசி என்பதற்கு இதைவிடத் தெளிவான வியாக்கியானம் வேண்டுமா?

இனி எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்போம். முறைகள் பெருகினால் காகிதம் பெருகும், காகிதம் பெருகினால் வேலை குறையும் என்கிறார்கள். இது வெறும் வாயாடல் அன்று. ஜப்பானுக்கு வெளியே டெமிங் பரிசை முதன்முதல் பெற்றது அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்து மின்சாரக் கம்பெனி, வருஷம் 1989. பரிசுக்காக அவர்கள் எழுதிக் குவித்த ஏடுகளின் பாரம் தாங்காமல் ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். விரைவிலேயே புதிய தலைவர் அந்த ஏற்பாடுகளில் பெரும் பகுதியைக் கலைத்துவிட்டார். இன்று புதுமையை நிர்வகிப்பதற்கே சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் விதிகள் வகுத்திருக்கிறது. வழிகாட்டி விதிகள் 2019இலும், சான்றிதழ் பெறுவதற்கான விதிகள் 2024இலும் வெளியாயின. சான்றிதழைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டிவிட்டு உள்ளே பழைய குருட்டுத்தனத்தைத் தொடரும் முதலாளிகள் இனிப் பெருகக்கூடும் என்று அஞ்சுகிறோம்.

நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்வதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நமது அச்சுக்கூடத்தில் சில வருஷங்களுக்கு முன் ஒரு குறை ஏடு வைத்தோம். யந்திரத்தில் என்ன கோளாறு, எதனால் காகிதம் கிழிந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை அவரவர் எழுத வேண்டுமென்று உத்தரவிட்டோம். முதல் வாரம் ஓர் இளைஞர் எழுதினார். தம் கவனக்குறைவால் மை தவறியதென்று உண்மையை எழுதினார். நாம் அதைப் படித்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டோம். அதற்குப் பின் மூன்று மாதங்கள் அந்த ஏடு வெள்ளையாகவே இருந்தது. காகிதம் மட்டும் கிழிந்துகொண்டே இருந்தது. ஏட்டை வைத்தவரும் நாமே. அதைக் கொன்றவரும் நாமே என்பதை உணர நமக்கு அத்தனை நாள் பிடித்தது. அந்த இளைஞரிடம் வருத்தம் தெரிவித்து, குறையை எழுதுவோரைக் கேள்வி கேட்பதில்லை என்று உறுதி கூறிய பிறகுதான் ஏடு நிரம்பத் தொடங்கியது. அவர் எழுதிய ஒரு யோசனைப்படியே உருளைகளைக் கழுவும் நேரத்தை மாற்றினோம், கிழிசல் குறைந்தது. யந்திரசாலையிலிருந்து பயத்தை விரட்டு என்பதையும் டெமிங் தம் போதனைகளுள் ஒன்றாக வைத்ததன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கியது.

ஆகவே நமது தீர்ப்பு இது. முறை மட்டும் இருந்து நம்பிக்கை இல்லாவிட்டால், அது காகிதச் சுமை. ஊக்கம் மட்டும் இருந்து முறை இல்லாவிட்டால், அது ஒரு தலைமுறையின் வாண வேடிக்கை. இரண்டும் கூடிய இடத்தில் யந்திரசாலைகள் பிறர் செய்ததைப் பார்த்துச் செய்யும் நிலையிலிருந்து தாமே செய்யும் நிலைக்கு உயர்கின்றன.

முறை எவ்வளவு நீடிக்கும் என்பதற்கு நம் ஊர்ச் சாலையிலேயே அடையாளம் இருக்கிறது. 1972இல் அரசாங்கம் டி.வி.எஸ். பஸ்களை எடுத்துக்கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தது. அதிலிருந்து 1974இல் பிரிந்து நமது ஜில்லாவுக்கு வந்ததே கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். பிறகு பெயர்கள் மாறின, நிர்வாகங்கள் மாறின. எனினும் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் இன்று ஓடும் அரசாங்கப் பஸ்ஸின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால், அது அந்த 1912ஆம் வருஷத்துப் பஸ்ஸில்தான் போய் முடியும்.

ஆனால் ஒரு விஷயம் நம் மனத்தை உறுத்துகிறது. திருக்குறுங்குடி மனிதனைத் தந்தது. ஆலைகளைப் பெற்றவை பாடியும் ஓசூரும். தாமிரபரணிக் கரை இன்றும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பெற்று வெளியூருக்கு ரயிலேற்றி விடுகிறது. இங்கே தொழில் இல்லாமலில்லை. பத்தமடையில் ஆற்றுக் கோரையைப் பட்டுப்போல் நெய்யும் கைகள் இருக்கின்றன. காருகுறிச்சியில் குயவர்களும், வீரவநல்லூரில் நெசவாளரும், அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புக் கடைவோரும் இருக்கிறார்கள். கங்கைகொண்டானில் தொழிற்பேட்டை இருக்கிறது. பேட்டைகளிலும் சந்துகளிலும் கடைசல் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் நாள்தோறும் எத்தனையோ புதிய யோசனைகள் தோன்றுகின்றன. எழுதி வைப்பாரின்றி அன்றைக்கே மறைகின்றன. பாய் நெய்யும் ஒரு பாட்டி கோரையை மெல்லிதாக வகிரும் நுட்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்த நஷ்டத்தை எந்தப் பாங்கி ஈடு செய்யும்?

நமது சீமையின் பட்டறைக்காரர்களுக்கும் ஆலை அதிபர்களுக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். பெரும் மூலதனமோ, அந்நிய நிபுணரோ, கண்ணாடிச் சட்டத்துச் சான்றிதழோ முதலில் வேண்டியதில்லை. நாற்பது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்று என்ன பழுது, ஏன் வந்தது, யார் என்ன யோசனை சொன்னார், செய்து பார்த்ததில் என்ன கண்டோம் என்று நாலு வரி எழுதுங்கள். எழுதியவரைக் கடியாதீர்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து அதை உரக்கப் படியுங்கள். ஊதியம் பெறும் தொழிலாளிக்கும் அந்தக் கூட்டத்தில் முதலாளிக்கு உள்ள அளவே பேச உரிமை கொடுங்கள். பலித்த யோசனையின் லாபத்தில் அவருக்குப் பங்கும் கொடுங்கள்.

சாலையில் கிடந்த ஆணியைக் கண்டு சலித்துக்கொண்டவர் ஆயிரம் பேர். அதை எண்ணி, காரணம் கேட்டு, வழி கண்டவர் ஒருவர். அவர் நமது ஜில்லாவில் பிறந்தவர். அவர் காட்டிய பாதையில் அடுத்த யந்திரசாலை தாமிரபரணியின் கரையிலேயே எழ வேண்டும் என்பது நமது பேரவா.